தலையில் நீர் கோத்த குழந்தைகள்: எம்பாலே மருத்துவமனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு உகாண்டாவில் எல்கான் மலையடிவாரத்தில் இருக்கிறது எம்பாலே. தலைநகர் கம்பாலாவிலிருந்து பஸ்ஸில் பாதி நாள் போய்விடும். மூளையில் நீர் கோத்த கைக்குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்பதில் பாஸ்டனும் டொரன்டோவும் இந்த ஊரிடம் பாடம் கேட்ட கதை இது. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

மூளையில் நீர் கோப்பது என்றால் வெளியிலிருந்து நீர் உள்ளே போகிறதா?

இல்லை, அந்த நீரை மூளையே சுரக்கிறது. மூளைக்குள் சில அறைகள் இருக்கின்றன. அவற்றில் கோராய்டு பிளெக்ஸஸ் என்ற செக்கச்செவேலென்ற திசு இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் அளந்தாலும் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். மீதி வடிந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். வடியும் வழி அடைத்துக்கொண்டால் வந்தது வினை. குழாய் திறந்தே இருக்கிறது, வெளியேறும் வழி மட்டும் இல்லை.

பெரியவர்களுக்கு இப்படி ஆனால் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சீக்கிரமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும். கைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. அதனால் தலை பெருத்து இடம் கொடுக்கிறது. உச்சிக்குழி புடைக்கும், நெற்றியில் நரம்புகள் பச்சையாக ஓடும், கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரியும். ரொம்ப முற்றிய குழந்தையின் தலையில் இருட்டறையில் டார்ச் அடித்தால் காகித விளக்கு போல ஒளிரும். ஸ்கேன் இல்லாத காலத்தில் இப்படித்தான் பார்த்தார்கள்.

தலை பெருப்பதால் குழந்தைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த அவகாசம் முழுக்க மூளை ஓரமாக நசுங்கிக்கொண்டிருக்கிறது.

இது அரிதான நோய்தானே? இதற்கென்று தனி மருத்துவமனை எதற்கு?

அரிது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக இது வருகிறது என்று 2018-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. பெரும் பங்கு ஏழை நாடுகளில். அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நரம்பியல் அறுவை நிபுணர்கள் பல பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். அவர்களும் தலைநகரங்களில். விபத்தில் மண்டை உடைந்து வருகிறவர்களைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதாது. ஆறு மாதக் குழந்தையைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வரும் தாய் எந்த வரிசையில் நிற்பாள்?

2000-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் பெஞ்சமின் வார்ஃப் தன் மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் உகாண்டாவுக்குக் குடிபெயர்ந்தார். க்யூர் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் எம்பாலேயில் குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவை மருத்துவமனை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதை நடத்தத்தான் போனார். கதவு திறந்ததும் வந்து குவிந்தவை தலை பெருத்த குழந்தைகள்.

சரி, ஷன்ட் வைத்தால் தீர்ந்துவிடுமே. அதில் என்ன சிக்கல்?

இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷன்ட் என்பது மெல்லிய சிலிக்கோன் குழாய். ஒரு முனை மூளையின் அறைக்குள் இருக்கும். நடுவில் ஒரு வால்வு. அங்கிருந்து தோலுக்கடியிலேயே கழுத்து, மார்பு வழியாக இறங்கி மறுமுனை வயிற்றுக்குள் போய்விடும். மூளையில் தேங்கும் நீர் வயிற்றில் வடிந்து உடம்பிலேயே சேரும். ஷன்ட் வைத்த குழந்தையின் காதுக்குப் பின்னால் தடவினால் புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் வால்வு. 1950-களில் இது பரவலான பிறகு லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்கின்றன. நல்ல சாதனம், சந்தேகமே இல்லை.

ஆனால் அடைத்துக்கொள்ளும். எல்லா வசதியும் உள்ள நாடுகளிலேயே பத்தில் நான்கு ஷன்ட்கள் முதல் ஆண்டுக்குள் ஏதோ ஒரு விதத்தில் பழுதாகின்றன. திசு வளர்ந்து துளையை மூடும், குழாய் கழன்று போகும், கிருமி தொற்றும். குழந்தை வளர வளரக் குழாய் நீளம் போதாமலும் போகும். அப்போது திரும்ப ஆபரேஷன் செய்யவேண்டும். அதுவும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளமுடியாது. உச்சிக்குழி மூடிய குழந்தைக்கு ஷன்ட் திடீரென்று அடைத்தால், சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

பாஸ்டனில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆனால் அம்மா போன் செய்வார், ஆம்புலன்ஸ் வரும், அன்றிரவே குழாயை மாற்றிவிடுவார்கள். உகாண்டாவின் வடமேற்கு மூலையில், அரூவாவுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். எம்பாலே நாட்டின் மறுகோடி. மோட்டார் சைக்கிளில் கடைவீதி வரை, அங்கிருந்து பஸ், பிறகு இன்னொரு பஸ். பஸ் காசுக்கு ஆடு விற்கவேண்டும். மழைக்காலம் என்றால் மண் ரோடு இல்லை. வந்து சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

முதல் ஆபரேஷனை எப்படியாவது செய்துவிடலாம். இரண்டாவது ஆபரேஷனுக்கு அந்தக் குழந்தையால் வர முடியுமா என்பதுதான் கேள்வி. வர முடியாது என்றால், ஷன்ட் வைத்து அனுப்புவது எப்போது வெடிக்கும் என்று தெரியாத ஒன்றை உள்ளே வைத்துத் தைத்து அனுப்புவது போலத்தான். எம்பாலேயின் வேலை எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பியது.

அப்படியானால் வார்ஃப் என்ன செய்தார்?

குழாயே இல்லாமல் முடிக்கப் பார்த்தார். உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் என்ற கருவியால் இரண்டு காரியங்களை ஒன்றாகச் செய்தார்.

குழந்தையின் உச்சிக்குழியின் ஓரத்தில் சின்னதாகக் கீறுகிறார்கள். எலும்பு மூடாத இடம் என்பதால் துளைபோடும் வேலைகூட இல்லை. அந்த வழியாக, வளையக்கூடிய மெல்லிய எண்டோஸ்கோப் உள்ளே போகிறது. முதலில் பக்கவாட்டு அறை. திரையில் தெளிந்த நீருக்குள் வெண்ணிறச் சுவர்கள் தெரியும். அங்கிருந்து ஒரு சின்ன வட்ட வாசல் வழியாக நடு அறைக்குள் இறங்கினால், தரை கண்ணாடித் தாள் போல மெல்லிசாக இருக்கும். சிலருக்கு அதன் அடியில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் துடிப்பதே தெரியும். அந்த ரத்தக்குழாயைத் தொடாமல் தரையில் ஓர் ஓட்டை போடவேண்டும். ஓட்டை சரியாக விழுந்துவிட்டால் அதன் ஓரங்கள் நாடித்துடிப்போடு சேர்ந்து காற்றில் ஆடும் துணி மாதிரி உள்ளேயும் வெளியேயும் ஆடும். நீருக்குப் புது வழி கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இது மட்டும் என்றால் கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் போதாது. வடிந்த நீரை உறிஞ்சும் திறன் அவர்களுக்கு இன்னும் வளர்ந்திருக்காது. அதனால் வார்ஃப் இரண்டாவது காரியத்தையும் சேர்த்தார். அதே எண்டோஸ்கோப்பை வளைத்துக்கொண்டு இரண்டு பக்க அறைகளிலும் போய், நீரைச் சுரக்கும் அந்தச் சிவந்த திசுவை மெல்லிய கம்பியால் சுடுகிறார்கள். கடல்பாசி போல அலையும் திசு சுருங்கி வெளுத்துப்போகும். வெளியேற வழி திறந்தாயிற்று, நீர் சுரக்கும் வேகத்தையும் குறைத்தாயிற்று. உடம்பில் எந்தப் பொருளையும் விட்டுவைக்காமல் தையல் போட்டு மூடிவிடலாம்.

இது அவர் கண்டுபிடித்ததா?

இரண்டுமே தனித்தனியாகப் பழையவை. 1910-ல் சிகாகோவில் லெஸ்பினாஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், சிறுநீர்ப்பை பார்க்கும் கருவியை இரண்டு குழந்தைகளின் மூளைக்குள் விட்டு அந்தத் திசுவைச் சுட்டுப் பார்த்தார். 1923-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர் என்பவர் இதே மாதிரி கருவியால் நடு அறையின் தரையில் ஓட்டை போட்டார். ஒளி போதாது, லென்ஸ் மங்கல், பலன் சுமார். ஷன்ட் வந்ததும் இரண்டையும் பரண்மேல் போட்டுவிட்டார்கள். அதைத் தூசி தட்டி எடுத்து, இரண்டையும் சேர்த்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் முறையாகச் சோதித்ததுதான் எம்பாலேயின் பங்கு.

பலித்ததா? எண்ணிக்கை சொல்லுங்கள்.

2005-ல் வார்ஃப் 550 குழந்தைகளின் முடிவுகளை வெளியிட்டார். 284 பேருக்கு ஓட்டை மட்டும், 266 பேருக்கு இரண்டும். பெரும்பாலோர் ஒரு வயதுக்குக் குறைந்தவர்கள். ஒரு வயதுக்குக் கீழே ஓட்டை மட்டும் போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கும், இரண்டும் செய்தவர்களில் 66 சதவீதம் பேருக்கும் ஷன்ட் தேவைப்படவில்லை. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளிடம் வித்தியாசம் இன்னும் பெரிது: 35 சதவீதத்திலிருந்து 76.

மூன்றில் ஒரு பங்குக்குப் பலிக்கவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம். அவர்களுக்கு ஷன்ட்தான். ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. தோற்பதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தோற்றுவிடும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் பிறகு அடைப்பது குறைவு. ஷன்ட் அப்படி இல்லை, பத்து வருடம் கழித்தும் அடைக்கும். ஊர் திரும்பிய குழந்தைக்கு இந்த வித்தியாசம் சதவீதக் கணக்கைவிடப் பெரியது.

குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு எது நல்லது?

நிறையப் பேர் பயந்தது இதைத்தான். ஷன்ட் வைத்தால் ஸ்கேனில் அறைகள் நன்றாகச் சுருங்கும். எண்டோஸ்கோப் முறையில் அவ்வளவு சுருங்காது. அப்படியென்றால் மூளை இன்னும் நசுங்கியே இருக்கிறதோ?

எம்பாலேயிலேயே 100 கைக்குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டதுபோல இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். டொரன்டோவின் அபய குல்கர்னி தலைமையில் வந்த அந்த ஆய்வு 2017-ன் இறுதியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஒரு வருடம் கழித்து அறிவு வளர்ச்சி மதிப்பெண்ணிலும் சரி, மூளையின் கொள்ளளவிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. எண்டோஸ்கோப் பிரிவில் 35 சதவீதமும் ஷன்ட் பிரிவில் 24 சதவீதமும் தோற்றன. இந்த இடைவெளி புள்ளியியல்படி உறுதியானது அல்ல.

ஆக, எண்டோஸ்கோப் முறை ஷன்டை வென்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வருடக் கணக்கில் இரண்டும் சமம். மறுபடி வரமுடியாத ஊர்க் குழந்தைக்குச் சமம் என்பதே பெரிய வெற்றி.

விலை மலிவான ஷன்ட் மட்டமானதுதானே?

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. எம்பாலேயில் பயன்படுத்தியது சாப்ரா ஷன்ட். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராவது. அப்போது விலை சுமார் 35 டாலர். அமெரிக்காவில் பேர்பெற்ற இன்னொரு ஷன்ட் சுமார் 650 டாலர். 195 குழந்தைகளிடம் இரண்டையும் வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். அடைப்பிலோ தொற்றிலோ மரணத்திலோ வித்தியாசமே தெரியவில்லை.

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

உகாண்டாவில் ஏன் இத்தனை குழந்தைகளுக்கு வருகிறது?

பணக்கார நாடுகளில் குறைமாதப் பிரசவத்தில் மூளையில் ரத்தம் கசிவது, பிறவிக் கோளாறு, கட்டி போன்றவை காரணங்கள். எம்பாலேக்கு வந்த முதல் 300 குழந்தைகளைப் பார்த்தபோது 60 சதவீதம் பேருக்குக் காரணம் தொற்று. பிறந்த சில வாரங்களில் காய்ச்சல், வலிப்பு. எப்படியோ பிழைத்துக்கொள்ளும். பிறகு தலை பெருக்கத் தொடங்கும். எண்டோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே தழும்பும், சில சமயம் சீழும்.

எந்தக் கிருமி? பல வருடம் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை. ஸ்டீவன் ஷிஃப் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் இதன் பின்னாலேயே அலைந்தார். 2012-ல் அவரும் வார்ஃபும் வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தார்கள். மழைக் கணக்கையும் குழந்தைகள் வந்த தேதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. வறட்சியிலும் இல்லை, கொட்டும் மழையிலும் இல்லை. இடைப்பட்ட ஈரத்தில்தான் நோய் கூடியது. மண்ணில் வாழும் ஏதோ ஒன்று என்ற சந்தேகம் வலுத்தது. 2020-ல் டிஎன்ஏ பரிசோதனை மூலம் ஆளைப் பிடித்தார்கள்: பேனிபாசில்லஸ் வகை பாக்டீரியா. வழக்கமான பரிசோதனைகளில் கண்ணில் படாதது. கைக்குழந்தைக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக்கு இது அடங்குமா என்பது அடுத்த கேள்வி. அடக்க வழி கிடைத்தால் பல குழந்தைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படாது.

வெளிநாட்டு டாக்டர்கள் வருடத்துக்கு இரண்டு வாரம் போய் ஆபரேஷன் செய்துவிட்டு வந்தால் போதாதா?

போதாது. சில சமயம் கெடுதல்கூட. வந்தவர் இரண்டு வாரத்தில் முப்பது ஷன்ட் வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். மூன்றாவது வாரம் ஒன்று அடைத்தால் யார் பார்ப்பது?

வார்ஃப் ஆறு வருடம் அங்கேயே இருந்தார். அதைவிட முக்கியமானது, அவர் கிளம்பும்போது வேலை நிற்கவில்லை. ஜான் முகாம்பா என்ற உகாண்டா மருத்துவர் பொறுப்பேற்றார். வார்ஃபுக்கு 2012-ல் அமெரிக்காவின் பெரிய கௌரவங்களில் ஒன்றான மெக்ஆர்தர் விருது கிடைத்தது, செய்தித்தாளில் எல்லாம் வந்தது. நாள் தவறாமல் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த முகாம்பாவைப் பற்றி வெளியே தெரிந்தவர்கள் குறைவு. மற்ற நாடுகளிலிருந்து மருத்துவர்கள் எம்பாலேக்கு வந்து, பழகி, எண்டோஸ்கோப்போடு ஊர் திரும்பினார்கள். கென்யாவின் கிஜாபேயில் இன்னொரு குழந்தைகள் நரம்பியல் அறுவைப் பயிற்சி மையம் வளர்ந்தது. மொராக்கோவின் ரபாத் நகரில் 2002-லிருந்தே ஆப்பிரிக்க இளம் மருத்துவர்களுக்கு நரம்பியல் அறுவை கற்றுத்தருகிறார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். இரண்டு பேரும் வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவர்கள். உட்கார்ந்து, அடுத்த தலைமுறையைப் பயிற்றுவித்தவர்கள்.

நிபுணர் அல்லாதவர் மூளையைத் தொடலாமா?

டான்சானியாவின் ஹைடம் என்ற ஒதுக்குப்புறமான ஊரில் 2006-ல் இது நடந்தது. இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் திலந்த எல்லேகல, ஓய்வெடுக்கப் போன இடத்தில், எம்மானுவேல் மயெக்கா என்ற உதவி மருத்துவ அலுவலருக்கு ஷன்ட் வைப்பது உள்ளிட்ட அடிப்படை மூளை ஆபரேஷன்களைக் கற்றுக்கொடுத்தார். எம்பிபிஎஸ் பட்டம்கூட இல்லாதவர் அவர். மருத்துவ உலகில் பலருக்கு இது பிடிக்கவில்லை. மயெக்கா பின்னர் மருத்துவக் கல்லூரிக்கும் போனார்.

என் அபிப்பிராயம்: நிபுணர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் இது கூடாது. நானூறு கிலோமீட்டருக்கு யாருமே இல்லாத ஊரில், இன்ன ஆபரேஷன் மட்டும், இன்ன வரம்புக்குள் என்று பயிற்சி கொடுத்துக் கணக்கும் எழுதி வைத்தால் தப்பில்லை. கணக்கு எழுதுவது முக்கியம். பிழைத்தவர் எத்தனை, போனவர் எத்தனை என்று எழுதாத இடத்தில் இதை ஆதரிக்கமாட்டேன்.

கருவிகளை நன்கொடையாக அனுப்பலாமா?

அனுப்பலாம், பழுது பார்க்கும் ஆளையும் சேர்த்து. வளையும் எண்டோஸ்கோப் ரொம்ப நாசூக்கானது. கழுவும்போது ஒருமுறை முரட்டுத்தனமாக மடக்கினால் உள்ளே கண்ணாடி இழை உடைந்து திரையில் கரும்புள்ளிகள் விழும். அதை உள்ளூரில் சரிசெய்ய ஆள் இல்லை என்றால் அலமாரியில் பூட்டிவைக்க வேண்டியதுதான். கம்பாலாவின் முலாகோ அரசு மருத்துவமனைக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2007-லிருந்து டன் கணக்கில் கருவிகள் அனுப்பியபோது, டெக்னீஷியன்களும் நர்ஸ்களும் மயக்க மருந்து நிபுணர்களும் சேர்ந்தே போனார்கள். அதனால்தான் அது நிலைத்தது.

மூளைக் கட்டிக்கும் இதே மாதிரி செய்ய முடியுமா?

அது வேறு மலை. மூளை நீர்க்கோவைக்கு ஒரு எண்டோஸ்கோப்பும் பழகிய கையும் நல்ல நர்ஸும் இருந்தால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று. கட்டிக்கு எம்ஆர்ஐ வேண்டும், ஐசியூ வேண்டும், ரத்தம் வேண்டும், திசுவைப் பார்த்துப் பெயர் சொல்ல ஆள் வேண்டும். எல்லாம் இருந்து கட்டியை எடுத்தபின்னும் பல கட்டிகளுக்குக் கதிர்வீச்சு கட்டாயம். 2016-ல் உகாண்டாவின் ஒரே கதிர்வீச்சு இயந்திரம் சரிசெய்ய முடியாதபடி பழுதாகிவிட்டது. புதியது ஓடத் தொடங்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் கட்டியை அழகாக எடுத்துக்கொடுத்திருந்தாலும், அடுத்த படிக்கு நாட்டை விட்டே போகவேண்டியிருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன குழந்தைகள் என்ன ஆனார்கள்?

இதைச் சொல்லாமல் விட்டால் முழுக்கதை ஆகாது. தொற்றால் நீர் கோத்த குழந்தைகளை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இறந்திருந்தது. பிழைத்தவர்களிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கடுமையான குறைபாட்டோடு வாழ்ந்தார்கள். காரணம், நீரை வடித்தாலும், காய்ச்சல் ஏற்கெனவே மூளையில் செய்துவிட்ட சேதத்தை ஆபரேஷனால் மாற்ற முடியாது.

வீட்டில் நடப்பது இன்னொன்று. தலை பெருத்த குழந்தை பில்லிசூனியத்தின் விளைவு, தாயின் பாவம் என்று பேசுவார்கள். தகப்பன் விட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. நம் ஊர்ப் பாட்டிகள் சிலரும் கிரகணத்தைக் காரணம் சொல்வார்கள், தொனி ஒன்றுதான். எம்பாலே மருத்துவமனை பெற்றோர் கூட்டங்களுக்கும் குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் இடம் கொடுத்தது இதனால்தான். இன்னொரு தாயின் மடியில் தன் குழந்தை மாதிரியே ஒரு குழந்தை தவழ்வதைப் பார்ப்பது, டாக்டர் அரைமணி நேரம் பேசுவதைவிட வேலை செய்யும்.

வராமல் தடுக்க வழி இல்லையா?

ஒரு பகுதியைத் தடுக்கலாம். முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளில் நிறையப் பேருக்கு நீர்க்கோவையும் வரும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இந்தக் குறையில் பெரும்பகுதி வராது. சிக்கல் என்னவென்றால், முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, மாத்திரை வாங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதனால்தான் மாவிலேயே கலந்துவிடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1998-லிருந்து கட்டாயம், தென்னாப்பிரிக்காவில் 2003-லிருந்து. உணவில் இப்படிச் சத்துச் சேர்ப்பதை விரைவுபடுத்தச் சொல்லி 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்துக்காக முன்னின்று வாதாடியவர்களில் குழந்தைகளின் நரம்பியல் அறுவை நிபுணர்கள் நிறையப் பேர். தங்கள் மேஜைக்கு வரும் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லித் தாங்களே கேட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுக் குழந்தைக்கு எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல்காரர் டேப் போதும். புருவத்துக்கு மேலே தொடங்கி, பின்மண்டையில் அதிகம் புடைத்த இடத்தைச் சுற்றி அளக்கவேண்டும். நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது சுமார் 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதம் 1, பிறகு ஒரு வயது வரை அரை சென்டிமீட்டர் என்று வளரும். இதைவிட வேகமாக ஏறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். "அப்பா வழியில் எல்லாருக்கும் பெரிய தலை" என்பது பல வீட்டில் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

என் மகளுக்கு மூன்று வருடமாக ஷன்ட் இருக்கிறது. இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. எடுத்துவிட்டு எண்டோஸ்கோப் செய்யவேண்டுமா?

வேண்டாம். ஒழுங்காக வேலை செய்யும் ஷன்டை யாரும் தொடமாட்டார்கள். அடைத்தால் மட்டும் அந்தச் சமயத்தில் டாக்டரிடம் எண்டோஸ்கோப்புக்கு வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். சில குழந்தைகளுக்கு உண்டு.

காலையில் எழுந்ததும் தலைவலி, காரணமில்லாத வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், திடீர் மாறுகண், குழாய் போகும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் "வயிறு சரியில்லை போல" என்று மறுநாள்வரை பார்த்திருக்காமல் நேரே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அவள் நன்றாக இருக்கும்போது எடுத்த ஒரு ஸ்கேன் படத்தை போனில் வைத்திருங்கள். அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் டாக்டருக்கு ஒப்பிட அது வேண்டும். ஷன்டின் பெயர், வைத்த தேதி, எந்தப் பக்கம் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் போட்டுவையுங்கள். வெளியூர்ப் பயணத்தில் பாட்டியோடு அனுப்பினால் பாட்டியின் சுருக்குப்பையிலும் ஒன்று.